நாலாம் நாள் காலையில்

கர்த்தருக்குள் பிரியமானவர்களே,

எழுப்புதல் கூட்டம் மூன்று நாளில் முடிந்துவிடும். அங்கே அழுது ஒப்புக்கொடுத்த ஒருவர் நாலாம் நாள் காலையில் யாரிடம் போய் மனம்விட்டுப் பேசுவார்? எழுப்புதல் நிலைப்பதும் அணைவதும் அங்கேதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அப்படிப் பேச இடம் தருவதுதான் சபையின் சிறுகுழு.

ஜெர்மனியின் சாக்சனியில் சின்சென்டார்ஃப் பிரபுவின் நிலத்தில் ஹெர்ன்ஹூட் என்ற ஊரை உண்டாக்கிய மொராவிய (இன்றைய செக் நாட்டுப் பகுதி) அகதிகள் உபதேச விஷயங்களில் பிளவுபட்டுக் கிடந்தார்கள். பிரபு வீடு வீடாகப் போய்ப் பேசினார். 1727 மே 12 அன்று சேர்ந்து வாழ்வதற்கான ஒழுங்குகளை ஏற்றுக்கொண்டார்கள். ஆகஸ்ட் 13 அன்று திருவிருந்து ஆராதனையில் ஆவியானவர் அவர்களை அசைத்தார். வரிசையைக் கவனியுங்கள்: ஒப்புரவு முந்தியது, அக்கினி பிந்தியது. வல்லமை இறங்கினால் சண்டை தானே தீரும் என்று காத்திருக்கும் சபைகள் இதைத் தலைகீழாக வாசிக்கின்றன. அந்த மாதக் கடைசியில் 24 ஆண்களும் 24 பெண்களும் மணிக்கணக்கைப் பங்கிட்டு ஆரம்பித்த ஜெபச்சங்கிலி நூறு ஆண்டுக்கு மேல் நீடித்தது.

மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் சிறுகுழு பிறந்த விதம் இன்னும் எளிமையானது. 1742இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர ஆலயக் கடனை அடைக்க, வாரம் ஆளுக்கு ஒரு பென்னி என்று தீர்மானித்தார்கள். ஒருவர் பதினொரு பேரிடம் போய் வசூலிப்பார். போன இடத்தில் சிலர் வாழவேண்டியபடி வாழவில்லை என்பது தெரிந்தது. காசு வாங்கப் போனவர்கள் ஆத்துமாவை விசாரிக்கத் தொடங்கினார்கள். பிறகு பன்னிரண்டு பேரும் வாரந்தோறும் ஒன்றாகக் கூடினார்கள்.

உங்கள் சபையில் இப்படி ஒரு சிறுகுழுவைத் தொடங்குவதானால் எண்ணிக்கை பன்னிரண்டைத் தாண்ட வேண்டாம். தாண்டினால் கூச்சமுள்ளவர்கள் வாய் திறப்பதில்லை. ஒன்றரை மணி நேரம் போதும். "இந்த வாரம் தேவனோடு உங்கள் நடை எப்படி இருந்தது?" என்ற கேள்விக்குத் தலைவர் முதலில் தன் விழுகையையும் மறைக்காமல் பதில் சொல்லட்டும். அவர் மேலோட்டமாகப் பேசினால் மற்ற எல்லோரும் "ஸ்தோத்திரம், நல்லா இருக்கோம்" என்று முடித்துவிடுவார்கள்.

குழு கெட்டுப்போகும் வழிகள் எனக்குத் தெரிந்து மூன்று. ஒருவரே பிரசங்கம் செய்வது. அறிக்கை செய்தவருக்கு உடனே புத்திமதி சொல்வது. கேட்டு, ஜெபித்து, விட்டுவிடுங்கள். மூன்றாவதுதான் மிகக் கொடியது: ஒருவருடைய இரகசியம் ஜெபவிண்ணப்பமாக வெளியே போவது. ஒருமுறை அப்படிக் கசிந்தால் அந்தக் குழுவில் பல ஆண்டுகளுக்கு யாரும் உண்மை பேசமாட்டார்கள். ஆயரிடம் சொல்வதற்கும் சம்பந்தப்பட்டவரின் சம்மதம் வேண்டும். ஒருவருடைய உயிருக்கோ பிள்ளைகளின் பாதுகாப்புக்கோ ஆபத்து என்றால் மட்டும் மௌனம் கூடாது. இதை முதல் நாளே எல்லாருக்கும் அறிவித்துவிடுங்கள்.

வராதவரை அந்த வாரத்துக்குள்ளேயே போய்ப் பாருங்கள். சபைப் பதிவேட்டை எடுத்து, ஒரு மாதமாக யாரும் விசாரிக்காத பெயர்களைக் குறியுங்கள். முதல் குழுவை அந்தப் பெயர்களிலிருந்து தொடங்குங்கள்.