சாக்லேட் சாப்பிட்டா கண்ணு நல்லாத் தெரியுமா?

எல்லாருக்கும் வணக்கம். கூட்டத்துக்குத் தலைமை ஏத்திருக்கிற சங்கத் தலைவர் அய்யா அவர்களே, முன்னிலை வகிக்கிற கண் மருத்துவர் அம்மா அவர்களே, எத்தனையோ வேலைக்கு நடுவுல வந்து முன் வரிசையில உக்காந்திருக்கிற தலைமை ஆசிரியர் அவர்களே, வரவேற்புரை சொன்ன செயலாளர் தம்பி, மைக் செட் போட்டுக் குடுத்த தம்பிங்க, பெரியவங்க, தாய்மார்கள், பிள்ளைங்க எல்லாருக்கும் வணக்கம். டாக்டர் அம்மாவைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லாம என்னால ஆரம்பிக்க முடியாது. காலையில இருந்து ஆபரேஷன் முடிச்சுட்டு சாப்பிடக்கூட நேரமில்லாம நேரா இங்க வந்திருக்காங்க, நான் சொல்றதுல எதாவது தப்பு இருந்தா மேடையிலேயே நிறுத்தி திருத்துங்கம்மான்னு கேட்டிருக்கேன், சரின்னு சொல்லியிருக்காங்க. அவங்களுக்கு ஒரு கைதட்டல் குடுங்க.

இன்னைக்கு மூணு விஷயம் பேசப்போறேன். டார்க் சாக்லேட்டையும் கண்ணையும் பத்தி ஆராய்ச்சி என்ன சொல்லுதுங்கிறது ஒண்ணு. அது கண்ணுக்குள்ள போய் என்ன பண்ணும்னு நினைக்கிறாங்கங்கிறது ரெண்டு. எந்த சாக்லேட், எவ்வளவு, லேபிளை எப்படிப் படிக்கிறதுங்கிறது மூணு. இது மூணுக்கும் முன்னாடி எங்க அம்மா அடிக்கடி சொல்ற பழமொழி ஒண்ணு இருக்கு, "கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்". இதை மனசுல வெச்சுக்கோங்க.

2018-ல அமெரிக்காவுல டெக்சாஸ்ல சான் அன்டோனியோவுல ஒரு கண்ணியல் கல்லூரியில 30 பேரை வெச்சு ஒரு சோதனை பண்ணாங்க. சராசரி வயசு 26, எல்லாம் நல்ல கண்ணு. ஒரு நாள் 72 சதவீதம் கோகோ இருக்கிற டார்க் சாக்லேட், இன்னொரு நாள் மில்க் சாக்லேட், சாப்பிட்டு கிட்டத்தட்ட ரெண்டு மணி நேரம் கழிச்சு கண்ணை டெஸ்ட் பண்ணாங்க. டார்க் சாக்லேட் சாப்பிட்ட அன்னைக்கு கொஞ்சம் கூடுதலா தெரிஞ்சுது, எவ்வளவுன்னா கூர்மையில சார்ட்டுல ஒரு ரெண்டு எழுத்து. அதைவிட கான்ட்ராஸ்ட்ல, அதாவது வெளிறின பின்னணியில வெளிறின எழுத்தைப் பிரிச்சுப் பாக்கிற திறன்ல, முன்னேற்றம் தெரிஞ்சுது. இந்த கான்ட்ராஸ்ட் சாதாரண விஷயம் இல்லைங்க, சாயங்கால வெளிச்சத்துல படிக்கட்டோட ஓரம் தெரியறது, மழையில எதிர்ல வர்ற ஆளு தெரியறது எல்லாம் அதுதான். அதுக்கு முன்னாடி 2011-ல இங்கிலாந்துல ரெடிங் பல்கலைக்கழகத்துலயும் 30 இளைஞர்களை வெச்சு பண்ண சோதனையில இதே கான்ட்ராஸ்ட் கூடினதா சொன்னாங்க.

உடனே எல்லாருக்கும் செய்தி வந்துடுச்சு, சாக்லேட் சாப்பிடு கண்ணாடியைக் கழட்டுன்னு. ஆனா 2019-ல ஜெர்மனியில மியூனிக்ல 22 பேரை வெச்சு இன்னொரு குழு பாத்தாங்க, விழித்திரையோட ரத்தக்குழாயையே ஸ்கேன் எடுத்துப் பாத்தாங்க, டார்க் சாக்லேட்டுக்கும் மில்க் சாக்லேட்டுக்கும் நடுவுல வித்தியாசம் ஒண்ணும் இல்லை, பார்வையிலயும் இல்லை. அதோட இன்னொண்ணு, டார்க் சாக்லேட்டை வாயில போட்டதுமே கசப்புல தெரிஞ்சுடும், லேபிளைக் கிழிச்சுக் குடுத்தாலும் சாப்பிடறவருக்குத் தான் எதைச் சாப்பிடறோம்னு தெரியும், தெரிஞ்சா சார்ட்டுல இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணிப் படிப்பாரு, மனுஷ இயல்பு அது. இதைவிடப் பெரிய சோதனை அமெரிக்காவுல நடந்துச்சு, காஸ்மாஸ்னு பேரு, 21,442 பேரு, கோகோவுல இருக்கிற ஃப்ளாவனால்ங்கிற சத்தை தினம் 500 மில்லிகிராம் மாத்திரையா குடுத்தாங்க, வயசான காலத்துல விழித்திரையோட நடுப்பகுதியான மாக்குலா கெடுற நோயை அது தடுக்குதான்னு பாத்தப்போ மொத்தத்துல குறிப்பிடத்தக்க பலன் தெரியலை.

ரெண்டாவது விஷயத்தைச் சுருக்கமா சொல்லிடறேன். இப்போ சொன்ன அந்த ஃப்ளாவனால் சத்து ரத்தக்குழாயில நைட்ரிக் ஆக்சைடு சுரக்க வெச்சு குழாயை லேசா விரிய வைக்கும். நம்ம விழித்திரை எடைக்கு எடை பாத்தா உடம்புலயே அதிகமா ஆக்ஸிஜன் கேக்கிற இடங்கள்ல ஒண்ணு, அதனால ரத்த ஓட்டம் கொஞ்சம் கூடினா பார்வை கூடலாம்னு ஒரு ஊகம். ஊகம்தான். அதுவும் சில மணி நேரத்துப் பேச்சு.

இப்போ ஒரு பெரியவரைப் பத்தி சொல்லணும். பேரு வேண்டாம், எனக்கு அண்ணன் மாதிரி. ரிட்டயர் ஆனவரு, பேப்பர்ல முதல் எழுத்துல இருந்து கடைசி வரைக்கும் படிக்காம எந்திரிக்க மாட்டாரு. இந்த சாக்லேட் செய்தியைப் படிச்சதுல இருந்து தினம் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ரெண்டு துண்டு, மருந்து சாப்பிடற மாதிரி நேரம் தவறாம. "தம்பி, இந்த வயசுலயும் பொடி எழுத்து படிக்கிறேன் பாரு, எல்லாம் அந்தக் கசப்பு சாக்லேட்டு"ன்னு போறவர் வர்றவர்கிட்ட எல்லாம் சொல்வாரு, நிஜமாவே படிச்சும் காட்டுவாரு. அண்ணி மட்டும் வேற ஒண்ணைக் கவனிச்சுட்டு இருந்தாங்க. இடது கைப்பக்கம் டம்ளரை வெச்சா தட்டி விட்டுடுவாரு. நிலைப்படியில தோள் இடிக்கும். பேரன் பக்கவாட்டுல நின்னு சாவியை நீட்டிக்கிட்டே இருப்பான், இவரு பாக்கவே மாட்டாரு, பையன் கோவிச்சுக்கிட்டு "தாத்தா வேணும்னே பண்றாரு"ன்னு அழுவான். இவரு அண்ணியைத் திட்டுவாரு, "டம்ளரை இடம் பாத்து வைக்கத் தெரியாதா"ன்னு. ஒரு நாள் ரோட்டைக் கடக்கும்போது பக்கத்துல வந்த பைக் இவரு கண்ணுக்குத் தெரியவே இல்லை, ஓட்டினவன் கெட்டிக்காரன், பிரேக் போட்டுட்டான். அன்னைக்கு அண்ணி பேச்சே பேசலை, கையைப் புடிச்சு கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிட்டாங்க. அங்கயும் இவரு முதல்ல சார்ட்டை கடைசி வரி வரைக்கும் படிச்சுக் காட்டி "பாத்தியா"ன்னு அண்ணியைப் பாத்தாரு. அப்புறம் கண்ணோட பிரஷர் பாத்தாங்க, சொட்டு மருந்து விட்டு உள்ள பாத்தாங்க, ஒரு பெட்டிக்குள்ள முகத்தை வெச்சு வெளிச்சப் புள்ளி தெரியும்போது பட்டன் அழுத்தச் சொன்னாங்க. இவரு அழுத்தவே மாட்டேங்கிறாரு, "இன்னும் ஒண்ணும் வரலையே"ங்கிறாரு. புள்ளி வந்துக்கிட்டேதான் இருந்துச்சு. க்ளாக்கோமா, அதாவது கண் நரம்பு கொஞ்சம் கொஞ்சமா கெடுற நோய். ஓரப் பார்வை ஒரு கண்ணுல பாதிக்கு மேல போயிருந்துச்சு.

இதுதாங்க என் வயிறு எரியற இடம். க்ளாக்கோமாவுல நடுப்பார்வை கடைசி வரைக்கும் நிக்கும், வலி பெரும்பாலும் இருக்காது, அதனால எழுத்து நல்லாத் தெரியறதை வெச்சு கண்ணு நல்லா இருக்குன்னு நம்பிடுவோம். கண்ணுல இருந்து மூளைக்குப் போற நரம்புல பத்து லட்சத்துக்கு மேல இழை இருக்கு, ஒயர் கத்தை மாதிரி, ஒவ்வொண்ணா அறுந்துக்கிட்டே வரும், அறுந்தது திரும்ப ஒட்டாது. சொட்டு மருந்து மிச்சம் இருக்கிறதைக் காப்பாத்தும், அவ்வளவுதான். அண்ணன் இப்போ மருந்து போட்டுக்கிட்டு மிச்சத்தை வெச்சுக்கிட்டு நல்லா இருக்காரு. ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருந்தா! கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

சர்க்கரை இருக்கிறவங்களும் இதே கதைதான். விழித்திரை ஆரம்பத்துல கெடும்போது ஒரு அறிகுறியும் தெரியாது, வருஷம் ஒரு தடவை கண்பாப்பாவை விரிச்சுப் பாத்தே ஆகணும். அவங்க கண்ணுக்கு நல்லதுன்னு சர்க்கரை போட்ட சாக்லேட்டைச் சாப்பிட்டா எங்க போய் சொல்றது. 2019-ல உலக சுகாதார அமைப்பு சொன்ன கணக்கு, பார்வைக் குறைபாடு இருக்கிறவங்க குறைஞ்சது 220 கோடி பேரு, அதுல குறைஞ்சது 100 கோடி பேருக்கு தடுத்திருக்கலாம், இல்லைன்னா இன்னும் சரியான கவனிப்பு கிடைக்கலை. நூறு கோடிங்க! ரெண்டு எழுத்து கூடத் தெரியுமான்னு நாம பேசிக்கிட்டு இருக்கோம். புடிச்சிருந்தா ரெண்டு துண்டு சாப்பிடுங்க, ருசிக்காகச் சாப்பிடுங்க, நான் தடுக்கலை. கண் பரிசோதனைக்கு பதிலா சாப்பிடாதீங்க.

மூணாவதா சொன்ன லேபிள் விஷயத்துல ஒண்ணே ஒண்ணு, அட்டையில போட்டிருக்கிற சதவீதம் கோகோ எவ்வளவுன்னுதான் சொல்லும், ஃப்ளாவனால் எவ்வளவுன்னு சொல்லாது. தலைவர் அய்யா நேரம் ஆச்சுன்னு பாக்கிறாரு, அவரு பொறுமைக்கு நன்றி, நான் முக்கியமானதைச் சொல்லிடறேன்.

வாசல்ல ஒரு நோட்டு வெச்சிருக்கோம். டாக்டர் அம்மாவும் அவங்க குழுவும் இலவசமா கண்ணைப் பாக்க ஒத்துக்கிட்டு இருக்காங்க, நாப்பது வயசு தாண்டினவங்க கட்டாயம் பேரு எழுதுங்க. அப்பா அம்மா, கூடப் பொறந்தவங்க யாருக்காவது க்ளாக்கோமா இருந்தா வயசு பாக்காம எழுதுங்க, உங்களுக்கு வர்ற வாய்ப்பு அதிகம், அதைப் பேருக்குப் பக்கத்துலயே குறிச்சு வெச்சுடுங்க. வரும்போது பழைய கண்ணாடி, சாப்பிடற மாத்திரைச் சீட்டு எடுத்துட்டு வாங்க. சொட்டு மருந்து விட்டா சில மணி நேரம் கிட்ட இருக்கிறது மங்கலா இருக்கும், வெளிச்சம் கூசும், அதனால வண்டி ஓட்டிட்டு வராதீங்க, கூட ஒருத்தரைக் கூட்டிட்டு வாங்க. கூட வர்றவரு பேரையும் நோட்டுல எழுதிடுங்க, அவரையும் பாத்துடலாம். நன்றி, வணக்கம்.