கைக்கெட்டும் தூரம்

நடுவர் அவர்களே, வெற்றி தங்களுக்குத்தான் என்று இப்போதே சிரித்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

சுற்றுச்சூழலைக் கெடுக்காத சமையலறைக்குப் பெரிதும் துணை நிற்பது அதன் அமைப்பா, அதில் புழங்குபவரின் பழக்கமா? இதுதான் இன்றைய தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய அம்மையார் பழக்கமே என்று சொல்லி நல்ல கைதட்டல் வாங்கினார். குழாயை மூடு, மூடி போட்டுச் சமை, மிச்சத்தை வீணாக்காதே. இதையெல்லாம் யார் மறுக்கப் போகிறார்கள்? நானும்தான் கை தட்டினேன். தட்டி முடித்த பிறகு ஒரு சந்தேகம் வந்தது. இந்த மூன்றையும் சின்ன வயதிலிருந்து கேட்டுக்கொண்டுதானே இருக்கிறோம், பிறகு ஏன் இன்னும் மேடை போட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது?

என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். காய்கறிக் கழிவை உரமாக்கலாம் என்று முடிவெடுத்து ஒரு தொட்டி வாங்கினோம். வாடை வருமோ என்று பயந்து பின்வாசலுக்கு வெளியே வைத்தோம். முதல் வாரம், கொண்டுபோய்க் கொட்ட வீட்டில் போட்டி. இரண்டாம் வாரம், யார் போவது என்று சண்டை. மூன்றாம் வாரம் மழை பிடித்துக்கொண்டது. தோலும் காம்பும் பழையபடி சமையல் மேடைக்குக் கீழே இருந்த குப்பைக்கூடைக்கே போயின. எங்களுக்கு ஒரே வாரத்தில் பூமி மேல் அக்கறை போய்விடவில்லை. தொட்டி தூரத்தில் இருந்தது, அவ்வளவுதான். அப்புறம் ஒரு நாள், காய் நறுக்கும் இடத்துக்கு நேர் கீழே இருந்த இழுப்பறையைக் காலி செய்து, அதில் ஒரு வாளியைப் பொருத்தினேன். நறுக்கி முடித்ததும் இழுப்பறையை இழுத்து, கத்தியின் முதுகால் ஒரு தள்ளு, கழிவு வாளிக்குள். இரண்டு நாளுக்கு ஒருமுறை வாளி தொட்டிக்குப் போகிறது. அதற்குப் பிறகு இந்த விஷயத்தில் வீட்டில் யாரும் யாருக்கும் அறிவுரை சொன்னதில்லை.

இதை நானே கண்டுபிடித்ததாகக் கொஞ்ச நாள் மிதப்பில் இருந்தேன். கிட்டத்தட்ட நூறு வருடம் பிந்திவிட்டேன் என்பது பிறகுதான் தெரிந்தது. 1926-இல் மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற கட்டடக் கலைஞர் ஜெர்மனியின் ஃப்ராங்க்ஃபுர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக ஒரு சமையலறையை வடிவமைத்தார். ஏறத்தாழ 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம். அந்தச் சின்ன இடத்தில், வேலை செய்யும் மேசையிலேயே கழிவைத் தள்ளிவிட ஒரு வாய் வைத்தார். அடுப்பின் பக்கத்தில் இன்னொரு பெட்டி வைத்தார். சூடு வெளியேறாதபடி காப்பிட்ட பெட்டி அது. கொதி வந்த பாத்திரத்தை இறக்கி அதற்குள் வைத்து மூடிவிட்டால், உள்ளே இருக்கும் சூட்டிலேயே மீதி வெந்துவிடும். எரிபொருளை மிச்சப்படுத்துங்கள் என்று அவர் சுவரில் எழுதி ஒட்டவில்லை, பெட்டியைக் கட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். அந்த மாதிரியில் சுமார் 10,000 சமையலறைகள் கட்டப்பட்டன. பத்தாயிரம் குடும்பங்களுக்குப் பழக்கம் கற்றுக்கொடுக்க எத்தனை பட்டிமன்றம் போட வேண்டியிருக்கும், யோசித்துப் பாருங்கள்!

ஃப்ரிட்ஜ் கதவை அடிக்கடி திறக்காதீர்கள் என்றார் அம்மையார். சரி, திறக்கவில்லை. ஆனால் அந்த ஃப்ரிட்ஜ் எங்கே நிற்கிறது? ஒரு பக்கம் அடுப்பு, மறு பக்கம் வெயில் அடிக்கும் ஜன்னல், முதுகு சுவரோடு ஒட்டி, சுற்றிலும் அழகுக்காக மரக்கூண்டு. ஃப்ரிட்ஜ் குளிரைத் தயாரிப்பதில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டுகிறது. கொட்டுகிற இடமே கொதித்துக்கொண்டிருந்தால் கம்ப்ரஸர் கூடுதல் நேரம் ஓடத்தானே வேண்டும்? வருடத்தின் 8,760 மணி நேரமும் மின்சாரத்தில் இருக்கிற சாதனம் அது. நீங்கள் கதவைத் திறப்பது அதில் எத்தனை நிமிடம்?

அடுத்தது வெந்நீர். பாத்திரம் கழுவும்போது குழாயை மூடி மூடித் திறக்கிறாராம். நல்லது. ஒரு சின்னக் கணக்கு. உள்விட்டம் 15 மில்லிமீட்டர் உள்ள குழாயில் ஒவ்வொரு மீட்டருக்கும் ஏறத்தாழ 0.18 லிட்டர் தண்ணீர் நிற்கும். வாட்டர் ஹீட்டர் 12 மீட்டர் தள்ளி இருந்தால், வெந்நீர் கைக்கு வருவதற்குள் 2 லிட்டருக்கு மேல் பச்சைத் தண்ணீர் கழுவும் தொட்டியில் ஓடிவிடும். மூடிய பிறகு குழாயில் தங்கும் வெந்நீர் ஆறிப்போகும். அரை மணி கழித்துத் திறந்தால் மறுபடி முதலிலிருந்து. தண்ணீரும் போச்சு, சூடாக்கிய மின்சாரமும் போச்சு. இதை எந்தப் பழக்கம் சரிசெய்யும்? ஹீட்டரை எங்கே மாட்டுவது என்று கட்டும்போதே ஒருவர் யோசித்திருந்தால் அம்மையார் கையை வைத்துக்கொண்டு காத்திருக்கவே வேண்டியதில்லை.

உணவை வீணாக்கும் விஷயத்தில் எதிரணிக்கு ரொம்ப நம்பிக்கை. ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2022-இல் உலகில் வீணான உணவு 105 கோடி டன். அதில் 60 சதவீதம் வீடுகளில். இவ்வளவு பேரும் சோம்பேறிகளா? ஆழமான அலமாரியின் கடைசி மூலைக்குக் கையை விட்டுப் பாருங்கள். எப்போதோ வாங்கிய ஒரு பருப்புப் பொட்டலம் வண்டு கட்டிக் கிடக்கும். கண்ணில் படாதது இருக்கிறது என்று யாருக்கும் தோன்றாது, மறுபடியும் வாங்கி வருவோம். அதே இடத்தில் ஆழம் குறைந்த தட்டு இருந்தால், அல்லது முழுதாக வெளியே வரும் இழுப்பறை இருந்தால், இருப்பதெல்லாம் ஒரே பார்வையில் தெரியும்.

எதிரணித் தலைவர் ஒன்று சொன்னார்: "அமைப்பு என்பது காசு உள்ளவர்கள் சமாச்சாரம், பழக்கத்துக்குச் செலவே இல்லை." இதில் பாதி நியாயம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். உறுதியாக இருக்கும் அலமாரியை உடைத்துத் தூக்கிப்போட்டுவிட்டு, 'பசுமை' என்று சீட்டு ஒட்டிய புதியதை மாட்டுகிறார்களே, அது எனக்கும் பிடிக்காது. பூமிக்கு நல்லது என்று சொல்லி ஒரு லாரி நிறையக் குப்பை! குவார்ட்ஸ் மேடையை, அதாவது குவார்ட்ஸ் தூளைப் பிசினோடு கலந்து செய்த செயற்கைக் கல் மேடையை, எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் பளபளவென்று இருக்கும், துடைப்பதும் சுலபம். ஆனால் அதை அறுக்கும்போது பறக்கும் சிலிக்கா தூசி தொழிலாளியின் நுரையீரலைக் கெடுக்கிறது. அதற்காகவே ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்தச் செயற்கைக் கல்லைத் தடை செய்தது. மலிவான மரத்தூள் பலகைகளை ஒட்டும் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு என்ற வாயு கசியும். அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று 2004-இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியது. அதனால் எதை மாட்டுகிறோம் என்பதும், மாட்டாமல் எதை விட்டுவைக்கிறோம் என்பதும் அமைப்புக்குள்தான் வருகிறது. ஃப்ரிட்ஜை அடுப்பிலிருந்து தள்ளி வைக்க என்ன செலவு? இரண்டு பேர், கொஞ்சம் மூச்சு. என் வாளிக்கு ஆன செலவும் அவ்வளவுதான், அது ஏற்கெனவே வீட்டில் கிடந்த வாளி.

பழக்கம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது காலையில் சுறுசுறுப்பாக இருக்கும், இரவு பத்து மணிக்கு அலுத்துப்போய் வீடு வந்தால் அதுவும் கூடவே படுத்துவிடும். விருந்தாளிக்கு உங்கள் வீட்டுப் பழக்கம் தெரியாது, ஆறு வயதுப் பிள்ளைக்கு நினைவிருக்காது. ஆனால் நறுக்கும் இடத்துக்குக் கீழே இருக்கும் வாளி விருந்தாளிக்கும் அங்கேதான் இருக்கும், பிள்ளைக்கும் அங்கேதான் இருக்கும்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார், முடித்துக்கொள்கிறேன். அந்த மணி அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால்தான் என் பேச்சு நேரத்தோடு முடிகிறது. அதைப் பக்கத்து அறையில் வைத்துவிட்டு, நேரம் பார்த்து நிறுத்தும் என் நல்ல பழக்கத்தை மட்டும் நம்பியிருந்தால், விடிய விடிய நீங்கள் என்னைத்தான் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். வணக்கம்.