டாட்டா காட்டாத பெரியம்மா

நடுவர் அவர்களே, நம் சபைப் போதகர் ஐயர் அவர்களே, ஐயரம்மா, சேகரத்துப் பெரியவர்களே, எல்லோருக்கும் ஸ்தோத்திரம். இந்தப் பட்டிமன்றத்தில் எனக்கு எட்டு நிமிஷம் தந்திருக்கிறார்கள். எனக்கு அப்புறம் காணிக்கை ஏலம். பந்தலுக்குப் பின்னால் கட்டிப்போட்ட சேவல் இதற்குள் இரண்டு தடவை கூவிவிட்டது. அதைக் கேட்டு உங்களுக்கு, சேவல் கூவுமுன் இயேசுவை மறுதலித்த பேதுரு ஞாபகம் வந்ததோ என்னவோ, குழம்பு ஞாபகம் வந்தது முகத்தில் தெரிகிறது.

தலைப்பு தெரிந்ததுதான். கடல் கடந்து ஊழியத்துக்குப் போகிற கணவன் மனைவியா, அவர்களை அனுப்பிவிட்டு ஊரில் இருக்கிற குடும்பமா, பெரிய தியாகம் யாருடையது? நான் ஊரில் இருந்தவர்கள் கட்சி.

எதிரணித் தம்பி பிரமாதமாகப் பேசினார். 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி ரேனியஸ் 1838இல் அங்கேயே மண்ணுக்குள் போனதைச் சொன்னார். கால்டுவெல்லைச் சொன்னார். 1895இல் இந்தியாவுக்கு வந்து, 55 வருஷம் ஒரு தடவைகூடச் சொந்த ஊருக்குத் திரும்பாமல் 1951இல் டோனாவூரில் கண்ணை மூடிய ஏமி கார்மைக்கேலைச் சொன்னார். ஒன்றையும் நான் மறுக்கவில்லை. ஆனால் கடைசியில் ஒன்று சொன்னாரே: "ஊரில் இருந்தவர்கள் என்ன செய்தார்கள்? ஏர்போர்ட்டில் நின்று டாட்டா காட்டினார்கள். கை காட்டுவது தியாகம் என்றால், வண்ணார்பேட்டை முக்கில் நாள் முழுக்கக் கை காட்டுகிற டிராபிக் போலீஸ்காரர்தான் மகா தியாகி."

நீங்களும் கைதட்டினீர்கள். என் பெரியம்மா பெண்கள் பக்கம் நாலாவது வரிசையில் இருக்கிறார். தட்டுகிறாரா என்று எட்டிப் பார்த்தேன். உங்கள் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டிக்கொண்டிருந்தார்.

தம்பி, டாட்டா காட்டுவது தியாகமில்லை. ஒப்புக்கொள்கிறேன். என் பெரியம்மா டாட்டாவே காட்டவில்லை. ஏன் காட்டவில்லை என்பதுதான் என் பேச்சு. மீதியை நடுவர் பார்த்துக்கொள்வார்.

பெரியம்மா மகனும் மருமகளும் தான்சானியாவுக்கு ஊழியத்துக்குப் போனார்கள். டொடோமாவுக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம், நம் தேரிக்காடு மாதிரி காய்ந்த பூமி. அண்ணன் வேதாகமப் பள்ளியில் வாத்தியார், மதினி நர்ஸ். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே வீட்டில் பெட்டி கட்டும் வேலை தொடங்கிவிட்டது. உடன்குடிக் கருப்பட்டி, சுக்கு, இடிச்ச மிளகாய்ப்பொடி, கல்லிடைக்குறிச்சி அப்பளம், இதெல்லாம் போக நெத்திலிக் கருவாடு இரண்டு கிலோ. பிளாஸ்டிக் கவரில் போட்டு, செய்தித்தாளில் சுற்றி, பழைய வேட்டியில் சுற்றி, மறுபடி கவரில் போட்டு, ஏழு சுற்று. வேதத்தில் எரிகோ மதிலைக்கூட ஏழு சுற்றில் விழவைத்துவிட்டார்கள், இந்த வாசனை விழவில்லை.

பெட்டிக்கு 23 கிலோதான் அனுமதி. வீட்டில் ஆள் ஏறி நிற்கிற எடை மெஷின்தான் இருந்தது. பெரியப்பா தனியாக ஏறினார், 78. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினார், 103. கழித்துப் பாருங்கள், 25. இரண்டு கிலோ அதிகம். பெரியம்மா முள்ளைப் பார்த்தார், பெரியப்பாவைப் பார்த்தார். "நீங்க ரெண்டு நாளைக்கு ராச்சாப்பாட்ட விடுங்க. ரெண்டு கிலோ தானா குறைஞ்சிரும்" என்றார்.

பெரியப்பா கணக்கு வாத்தியார். முப்பது வருஷ சர்வீஸ். அந்தக் கணக்குக்கு அவரிடம் பதில் இல்லை.

அண்ணன் கருவாட்டை எடுத்து வெளியே வைப்பார். பெரியம்மா யாரும் பார்க்காத நேரம் உள்ளே வைப்பார். அண்ணன் மறுபடி எடுப்பார். கடைசி ராத்திரி பெரியம்மா அண்ணனுடைய கனத்த வேத அகராதியை உருவி வெளியே வைத்துவிட்டுக் கருவாட்டை அந்த இடத்தில் செருகினார். பெரியப்பா கையும் களவுமாகப் பிடித்துக் கேட்டதற்கு, "வேதம் அங்கயும் இருக்கும்லா. கருவாடு இருக்குமா?" என்றார். ஐயர் அவர்கள் மன்னிக்கணும், இறையியல் ரீதியாக அது சரியான கேள்விதான்.

வழியனுப்ப வேன் பிடித்துத் திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்குப் போனோம், பதினாறு பேர். அண்ணனும் மதினியும் உள்ளே போனார்கள். கால் மணி நேரத்தில் அண்ணன் கண்ணாடிக் கதவுப் பக்கம் திரும்பி வந்தார். கையில் அந்த வேட்டிப் பொட்டலம். அகராதி என்னவோ கடைசி நிமிஷத்தில் மறுபடி பெட்டிக்குள் ஏறியிருக்கிறது, எடை மிஞ்சிவிட்டது. காவலர் பொட்டலத்தை வாங்கி, மோந்து பார்த்து, ஒரு மாதிரி முகத்தோடு பெரியம்மா கையில் கொடுத்தார்.

உள்ளேயிருந்து மதினி கை ஆட்டினார். அண்ணன் ஆட்டினார். வெளியே நாங்கள் பதினைந்து பேரும் ஆட்டினோம். பெரியம்மா ஆட்டவில்லை. இரண்டு கையும் பொட்டலத்தில் இருந்தது. பிள்ளையைத் தோளில் போட்ட மாதிரி அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கதவெல்லாம் அடைத்த ஏசி வேனில் இரண்டு கிலோ நெத்திலி. நாகர்கோவில் வரை ஒருத்தரும் பேசவில்லை. ஒருத்தரும் மூக்கைப் பொத்தவுமில்லை. தம்பி, உங்கள் டிராபிக் போலீஸ்காரரை அந்த வேனில் ஏற்றியிருக்க வேண்டும்.

கதை முடியவில்லை. பத்து நாள் கழித்து அண்ணன் போன் பண்ணினார். "அம்மா, கவலைப்படாத. இங்க சந்தையிலேயே கருவாடு கிடைக்கு. டாகான்னு பேரு. விக்டோரியா ஏரி மீன், அச்சு அசல் நம்ம நெத்திலி மாதிரி. மக்காச்சோள மாவுல உகாலின்னு ஒரு களி கிண்டுறாவ, அதுக்குத் தொட்டுக்கிட்டா அமிர்தம்." ஆறுதலாகத்தான் சொன்னார். பெரியம்மா "அப்படியாய்யா, நல்லதாப் போச்சு" என்று போனை வைத்தார். பரணில் இருந்த பொட்டலத்தை எடுத்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு வந்து முற்றத்தைப் பெருக்கினார். காலையில் பெருக்கிய முற்றம்தான்.

பிள்ளை அங்கே பட்டினி கிடப்பானோ என்பது ஒரு வேதனை. நம் கை படாமலே நன்றாகச் சாப்பிடுகிறான் என்று கேட்பது இன்னொன்று. அதற்கு எதிரணியில் யாராவது பேர் வையுங்கள்.

சரித்திரமும் கொஞ்சம் பேசிவிடுகிறேன், இல்லாவிட்டால் நடுவர் மார்க்கைக் குறைப்பார். கால்டுவெல் மனைவி எலைசாவுக்காவது அம்மா வீடு நாகர்கோவிலில் இருந்தது. இடையன்குடியில் கோபித்துக்கொண்டால் வண்டி கட்டிப் போய்விடலாம். கால்டுவெல்லைப் பெற்றவளுக்கு? அவர் 1838இல் சென்னையில் வந்து இறங்கியபோது சூயஸ் கால்வாயே கிடையாது. அது திறந்தது 1869இல். கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றி மாதக்கணக்கில் வரும். அவர் கல்லறை இடையன்குடியில் இருக்கிறது, எல்லோருக்கும் தெரியும். அவரைப் பெற்றவள் பெயர் தெரிந்தவர்கள் கை தூக்குங்கள். ம்... ஐயர் கையும் வரவில்லை. ஏமி அம்மையாரின் தாயோ விதவை. ஏழு பிள்ளைகளில் மூத்தவளைத்தான் அனுப்பினாள். 1903இல் நம் திருநெல்வேலிக்காரர்களே சங்கம் வைத்துத் தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல்லுக்கு ஆள் அனுப்பினார்களே, அந்த வீடுகளிலும் ஒரு அம்மா இருந்திருப்பாள். போனவனுக்கு அழைப்பு வந்தது. இவளுக்கு எந்த அழைப்பும் வரவில்லை. வராமலே கொடுத்தாள்.

சரித்திரம் முடிந்தது. பெரியம்மா வீட்டுக்கு வாருங்கள்.

பேரன் அங்கேயே பிறந்தான். சுவாஹிலியில் தாத்தாவுக்குப் பாபு, ஆச்சிக்கு பீபீ. பெரியப்பாவுக்குப் பாபு என்றதும் கதாநாயகன் ஆன மாதிரி ஒரு சந்தோஷம். பெரியம்மாதான், "என்ன ஏம்ல நாதஸ்வரம் மாதிரி பீப்பீங்கான்?" என்று கேட்டார். ஆனால் அந்தப் பீப்பீக்காகவே சனிக்கிழமை முழுக்கப் போனை இடுப்பில் செருகிக்கொண்டு திரிவார்.

ஒரு நாள் பேரன், "பீபீ, நாளைக்கு மூணு மணிக்குப் பேசுறேன்" என்றான். தான்சானியா நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். பெரியம்மா விரலை மடக்கிக் கணக்குப் போட்டு, நமக்குச் சாயங்காலம் ஐந்தரை என்று ஐந்து மணிக்கே உட்கார்ந்தார். போன் பகல் பதினொன்றரைக்கே வந்து போயிருந்தது. அவர் கோயிலில் இருந்தார், போன் வீட்டில் இருந்தது. அங்கே சுவாஹிலிக்காரர்கள் மணியைச் சூரிய உதயத்திலிருந்து எண்ணுகிறார்கள். அங்கே நம் கணக்கில் காலை ஏழு என்றால் அவர்கள் கணக்கில் ஒன்று. ஒன்பது என்றால் மூன்று. பையன் அவன் ஊர் மணியைச் சொல்லியிருக்கிறான். அன்றைக்கே அவர்கள் சிக்னல் இல்லாத உள்கிராமத்துக்குப் போய்விட்டார்கள். ஒரு வாரம் பேச்சில்லை.

அடுத்த வாரம் பெரியம்மா டவுனுக்குப் போய் ஒரு சுவர்க்கடிகாரம் வாங்கி வந்தார். பேரன் மணிக்கு வைத்து, நம் மணிக் கடிகாரத்துக்குப் பக்கத்திலேயே மாட்டினார். வீட்டு ஜெபத்துக்கு வருகிறவர்கள் எல்லோரும், "பாட்டரி மாத்துங்கம்மா" என்பார்கள். "அது சரியாத்தான் ஓடுது" என்பார்.

போன கிறிஸ்துமஸுக்கு அவர்கள் விடுமுறையில் வந்தார்கள். பேரன் வீட்டுக்குள் நுழைந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டே அந்தக் கடிகாரத்தைப் பார்த்தான். "மூணரை" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினான். அந்த வீட்டில் அந்தக் கடிகாரத்தைப் பார்த்துச் சட்டென்று மணி சொன்ன ஒரே ஆள் அவன்தான். பெரியம்மா வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஜனவரியில் மறுபடி திருவனந்தபுரம், மறுபடி அதே கண்ணாடிக் கதவு. இந்தத் தடவை எடை சரியாக இருந்தது, பெரியம்மா கை காலி. பேரன் உள்ளேயிருந்து குதித்துக் குதித்துக் கை ஆட்டுகிறான். நான் பெரியம்மாவைப் பார்த்தேன். இரண்டு கையையும் முந்தானைக்குள் சுற்றி வைத்திருந்தார்.

"பெரியம்மா, பையன் பாக்கான், கையக் காட்டுங்க" என்றேன்.

"காட்டுனா போயிருவாம்லா" என்றார்.

நடுவர் அவர்களே, எனக்கு இன்னும் ஒரு நிமிஷம் இருக்கிறது என்று சைகை காட்டுகிறார்கள். வேண்டாம். ஏலத்தை ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.