அண்டா கவுத்த கல்யாணமும் வழக்கம்ங்கற சொல்லும் (கோட்டையூர்ல பேசினது)

மேடையில இருக்க தலைவர் ஐயா அவங்களுக்கும், மெட்ராஸ்ல இருந்து ராத்திரி ரயிலேறி வந்திருக்க பத்திரிகை ஆசிரியருக்கும், கேக்காமலே மைக் செட்டு குடுத்த பள்ளித் தாளாளர் ஐயாவுக்கும், முன்வரிசை ஆச்சிமாருக்கும், வாசல்ல நிக்கிற தம்பிகளுக்கும் வணக்கம். யாரையாச்சும் விட்டிருந்தா கோவிச்சுக்காதீங்க.

பத்திரிகைக்காரங்க வழக்கம்ங்கற சொல்லை மூணு விதமா எழுதுறாங்க. 'அமைச்சர் வழக்கம்போல் நடைப்பயிற்சி', அது ஒரு ஆளோட பழக்கம். 'பாரம்பரிய வழக்கம்', அது தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடியோட பழனிக்கு நடக்குறாகளே அந்த மாதிரி. மூணாவது, கோர்ட்டு ஏத்துக்கற வழக்கம்.

எங்க ஐயா சொல்லுவாக, "ஊர் ஓடினா ஒத்து ஓடு, ஒருத்தன் ஓடினா கேட்டு ஓடு". நிருபர் தம்பிகளுக்கு இது போதும்.

ஒரு கல்யாண வீடு. வளவுல, அதான் வீட்டு நடு முற்றத்துல, தண்ணி போற தூம்புக்கு இருந்த கல்மூடி உடைஞ்சுபோச்சு, சின்னப் பிள்ளைக காலு உள்ள போயிரும்னு சமையக்காரர் ஒரு பித்தளை அண்டாவைக் கவுத்து வச்சாரு. நல்ல நாள்ல வெறும் அண்டா கவுந்து கிடக்கலாமான்னு ஒரு ஆச்சி குங்குமம் வச்சாக, இன்னொரு ஆச்சி கதம்பத்தைச் சுத்துனாக, போட்டோக்காரர் இங்கதான் வெளிச்சம்னு பொண்ணு மாப்பிள்ளையை அதுக்குப் பக்கத்துலயே நிப்பாட்டிட்டாரு. நிருபர் தம்பி 'இது என்ன வழக்கம்'னு கேக்க, பந்திக்கு ஓடிக்கிட்டிருந்த பெரியவர் ஒருத்தர் 'எல்லாம் எப்பவும் உள்ளதுதான் தம்பி'ன்னுட்டு இலையில உக்காந்துட்டாரு. மறுநாள் பேப்பர்ல, 'அண்டாவை வலம் வரும் மணமக்கள், செட்டிநாட்டின் நூற்றாண்டு வழக்கம்'. அடுத்த முகூர்த்தத்துக்கு அந்தச் சொந்தத்துலயே சம்பந்தி வீட்டுப் போன் வருது, எங்களுக்கு மட்டும் ஏன் அண்டா கவுக்கலைன்னு!

சிரிக்கிறீங்க. மூணாவது விதத்துல சிரிக்க முடியாது. 1868ல நம்ம ராமநாதபுரம் ஜமீன்ல பிள்ளை தத்தெடுத்த சுவீகார வழக்குல, அப்ப நமக்கெல்லாம் கடைசி மேல்கோர்ட்டா இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் என்ன சொல்லுச்சு, வழக்கத்துக்குத் தெளிவான ஆதாரம் இருந்தா எழுதின சாஸ்திரத்தையே அது மிஞ்சும்னு சொல்லுச்சு. 1955 இந்துத் திருமணச் சட்டமும் நெடுங்காலமா, விடாம, ஒரே சீரா கடைப்பிடிச்சதைத்தான் வழக்கம்ங்குது. 'காலங்காலமாக'ன்னு எழுதுற தம்பி ஆதாரத்துக்கு எங்க போவாரு?

நம்ம வீட்டு மாடிப் பெட்டிக்குத்தான் வரணும். கல்யாணத்துல எழுதுன இசைகுடிமானம்ங்கற ஒப்பந்த ஓலை, யார் யாருக்கு என்ன செய்யணும்னு முறைச்சிட்டை, பிள்ளை கூட்டிக்கிட்ட, அதான் தத்தெடுத்த, பத்திரம், பர்மா கடைக் கணக்கு, எல்லாம் அங்க கிடக்கு. வீட்டை இடிக்கறப்ப தேக்குத் தூணுக்கு விலை பேசுற நாம இதையெல்லாம் கிலோக் கணக்குல எடைக்குப் போட்டுர்றோம், கேட்டா இடமில்லங்கறோம். இந்த ஊர் ரோஜா முத்தையா ஐயா புத்தகம், பத்திரிகை, நோட்டீஸுன்னு தேடித்தேடிச் சேத்தாரு, 1992ல அவர் காலமானப்புறம் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்குச்சு, இப்ப சென்னையில அவர் பேர்ல பெரிய நூலகம். நல்லதுதான், ஆனா நமக்கு இங்கன என்ன இருக்கு? ஒருத்தன் ஓடினா கேட்டு ஓடுன்னா, கேக்குறதுக்கு ஒரு இடம் வேணுமா இல்லையா?

வாசகசாலை பின்கட்டு அறை காலியாத்தான் இருக்கு. ரெண்டு இரும்பு பீரோவுக்குத் தலைவர் ஐயா தலையாட்டிட்டாக, எல்லாரும் பாத்துக்கங்க. ஒரிஜினலை யாரும் விட்டுக்குடுக்க வேணாம், படம் எடுத்துட்டு அன்னைக்கே திருப்பித் தந்துருவோம். ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணிக்கு அங்கதான் இருப்பேன், பூச்சி அரிச்சதா இருந்தாலும் உதறாம அப்படியே துணியில சுத்திக் கொண்டாங்க.