சட்டம் வந்த பிறகா சங்கம்?

நடுவர் அவர்களே, கிளிநொச்சியில் கூடியிருக்கும் பெரியோர்களே, எதிரணி நண்பர்களே, வணக்கம். சிவில் சமூகம் வளர முதலில் வேண்டியது சட்டப் பாதுகாப்பா, மக்கள் கூடிக் கணக்குக் கேட்கும் பழக்கமா என்பது இன்றைய தலைப்பு. பழக்கமே என்ற அணிக்காக நான் பேசுகிறேன்.

குடும்பத்துக்கும் அரசுக்கும் நடுவே மனிதர் தம் விருப்பத்தோடு கூடி இயங்கும் வெளியையே சிவில் சமூகம் என்கிறோம். 1821இல் ஜெர்மன் தத்துவஞானி ஹெகல் அந்த நடுவெளியைக் குறித்தபோது அவர் கண்முன் பெரிதாக நின்றது சந்தை. 1831இல் அமெரிக்கா சென்ற பிரெஞ்சுச் சிந்தனையாளர் டொக்வில் கண்டதோ, தேவாலயம் கட்டவும் நூல் பரப்பவும் பாடசாலை நிறுவவும் அரசை எதிர்பாராமல் சங்கம் சேர்ந்த சாதாரண மக்களை. எங்கள் அணி டொக்வில் பக்கம் நிற்கிறது.

எதிரணித் தலைவர் அரசியல் யாப்பை எடுத்துக் காட்டினார். இலங்கையின் 1978ஆம் ஆண்டு யாப்பின் 14ஆம் உறுப்புரை ஒன்றுகூடவும் சங்கம் அமைக்கவும் உரிமை தருகிறது என்பதை மறுக்கவில்லை. அடுத்த ஆண்டே பயங்கரவாதத் தடைச் சட்டமும் வந்தது. இரண்டும் 2010இலும் இருந்தன, 2017இலும் இருந்தன. ஆயினும், 2010இல் படையினருக்குச் சொல்லாமல் ஒரு கூட்டம் வைக்கவே தயங்கிய இதே வன்னியில், 2017 பெப்ரவரி 20ஆம் திகதி காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் கந்தசுவாமி கோயில் முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். அதற்குச் சில வாரங்கள் முன்பே பிலவுக்குடியிருப்பு மக்கள் படையினர் வசமிருந்த தம் காணிக்காகக் கேப்பாப்பிலவில் விமானப்படை முகாமின் எதிரே இருந்துவிட்டார்கள். 2015இல் ஆட்சி மாறியதால் வந்த துணிவு அது என்று எதிரணியின் அடுத்த பேச்சாளர் சொல்லக்கூடும். பயம் தளர்ந்தது உண்மைதான். ஆனால் தளர்ந்த பயம் எல்லாருக்கும் பொது. உட்கார்ந்த தாய்மாரோ, காணாமற்போனோர் பற்றி விசாரித்த ஆணைக்குழுக்களின் வாசல்களில் ஆண்டுக்கணக்காகக் காத்திருந்தபோதே ஒருவரையொருவர் அறிந்துகொண்டவர்கள்.

நம் வயல்களுக்கு நீர் தரும் இரணைமடுக் குளத்துக்கு வருவோம். சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைப்பது, எந்தத் திகதியோடு தண்ணீரை நிறுத்துவது, கட்டாக்காலி மாடுகளை எப்போது அப்புறப்படுத்துவது என்பதெல்லாம் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் முடிவாகின்றன. மேசையில் அரசாங்க அதிபரும் நீர்ப்பாசனப் பொறியியலாளரும் இருந்தாலும், குளத்து நீர்மட்டத்தை அவர்கள் வாசித்தவுடன் எழுந்து, "பங்கு எப்படிப் பிரிக்கப்பட்டது?" என்று கேட்கும் கமக்காரரே அந்தக் கூட்டத்துக்கு உயிர். அந்தக் கமக்காரர் அமைப்பையே 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம்தானே உருவாக்கியது என்று எதிரணியினர் மடக்கினார்கள். நல்ல கேள்வி. அந்தச் சட்டம் நாடு முழுவதற்கும் ஒன்றுதான். ஓர் ஊரில் அதே அமைப்பு உர மானியக் காலத்தில் மட்டும் முத்திரை குத்த விழித்தெழுகிறது. பக்கத்து ஊரிலோ பொருளாளர் கணக்கறிக்கையை வாசித்து முடிக்கும்வரை ஒருவரும் கதிரையை விட்டு எழுவதில்லை. சட்டம் ஒன்றாக இருக்க, வேறுபாடு எங்கிருந்து வந்தது?

போருக்குப் பின் தொண்டு நிறுவனங்கள் அமைத்த குழுக்களையும் நாம் கண்டோம். யாப்பு, பதிவு, வங்கிக் கணக்கு எல்லாம் குறைவின்றி இருந்தன. செயற்றிட்டம் முடிந்து பயணப்படியும் தேநீரும் நின்றதும் அவற்றில் பல காணாமற்போயின. (வரவுப் பதிவேடுகள் மட்டும் இன்னும் பத்திரமாக இருக்கக்கூடும்.)

எங்கள் தரப்பின் குறையையும் மறைக்கவில்லை. காணி இல்லாதவருக்குக் குளத்துக் கூட்டத்தில் குரல் இல்லை. 1977 கலவரத்தின் பின் மலையகத்திலிருந்து வந்து இந்த மண்ணைத் திருத்திய குடும்பங்களுள் பல, ஆவணமின்றி இன்னும் கூலிக்கே வயலில் இறங்குகின்றன. அவர்களுக்குக் காணி உரிமை கொடுப்பது அரசின் வேலை. அந்த அளவில் எதிரணி சொல்வது சரி. ஆனால் சங்கம் சேராமல் அந்த உரிமையைக் கேட்டு அரசாங்க அதிபரின் கச்சேரிப் படி ஏறப்போவது யார் என்பதை அவர்களே சொல்லட்டும், நடுவர் அவர்களே.