செவிலித்தாய் இல்லாத வீடு

அவையில் அமர்ந்திருக்கும் அம்மாமாருக்கும் ஐயாமாருக்கும் என் வணக்கம்.

பதின்ம வயதுப் பிள்ளைகளின் காதலைப் பற்றி முதியோர் சங்கத்தில் பேசுவது பொருத்தமாக இருக்குமா என்று உங்கள் செயலாளர் சற்றுத் தயங்கினார். பெற்றோர் கூட்டங்களில் இந்த விடயத்தைப் பலமுறை பேசியிருக்கிறேன். ஆயினும் இதைக் கேட்கவேண்டியவர்கள் எழுபது வயதைத் தாண்டிய நீங்கள்தான் என்ற எண்ணம் எனக்கு நெடுநாளாக உண்டு. ஏன் என்பதை, முப்பது ஆண்டுகளுக்கு முன் என் சொந்த வீட்டில் நடந்ததிலிருந்து சொல்லிக்கொண்டு வருகிறேன்.

என் அப்பா 1986 டிசம்பரில் யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்பட்டார். அப்போது எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு மூன்று. அந்த ஆண்டு ஆகஸ்ட் மாதம் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழர்கள் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் மீனவர்களால் காப்பாற்றப்பட்ட செய்தி வந்திருந்தது. கனடா என்ற பெயர் எங்கள் ஒழுங்கையில் வாய்க்கு வாய் அடிபட்டது அதற்குப் பிறகுதான். அப்பா இங்கே வந்து அகதிக் கோரிக்கை கொடுத்தார். 1989 ஜனவரியில் அகதி விண்ணப்பங்களை விசாரிக்கப் புதிய சபை அமைக்கப்பட்டபோது, அதற்கு முந்திய விண்ணப்பங்கள் பல்லாயிரக்கணக்கில் தேங்கிக் கிடந்தன. அப்பாவின் கோப்பும் அந்தக் குவியலுக்குள் கிடந்தது. அவருக்கு வதிவுரிமை கிடைத்து, எங்களை ஸ்பொன்சர் செய்து, நாங்கள் கிளாலிக் கடலேரியை இரவில் படகில் கடந்து கொழும்புக்கு வந்து, லொட்ஜ் அறையொன்றில் விசாவுக்காக மாதக்கணக்கில் காத்திருந்து, ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்தில் வந்து இறங்கியபோது 1993 பெப்ரவரி ஆகிவிட்டது.

அப்பா மூன்று குளிர் ஜாக்கெட்டுகளைக் கையில் போட்டுக்கொண்டு நின்றார். எனக்கென்று வாங்கியது ஊதா நிறம். நான் அதைப் போட்டபோது கை மணிக்கட்டுக்கு வெகு மேலேயே நின்றுவிட்டது. சிப் பாதிக்கு மேல் ஏறவில்லை. அப்பா குனிந்து சிப்பை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். பிறகு சட்டென்று கையை எடுத்துக்கொண்டு, தன்னுடைய ஜாக்கெட்டைக் கழற்றி எனக்குத் தந்துவிட்டு, வெறும் சுவெற்றரோடு அந்தப் பனிக்குள் வாகனத் தரிப்பிடம் வரை நடந்தார். 1990 ஜூனில் போர் மறுபடி மூண்டபின், மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போன யாழ்ப்பாணத்தில்தான் நான் பெரியபிள்ளை ஆனேன். சாமத்தியச் சடங்குக்கு ஒரு படம் எடுக்கக்கூட வழியிருக்கவில்லை. அம்மா கடிதத்தில் எழுதியிருந்தார்தான். ஆனால் அப்பாவின் சட்டைப்பைக்குள் இருந்தது ஒன்பது வயதுப் பிள்ளையின் படம். அந்தப் படத்துக்கு இரண்டு மூன்று வயது கூட்டிப் பார்த்து அந்த ஜாக்கெட்டை வாங்கியிருக்கிறார்.

காதலால் குடும்பம் குலைந்தது என்று நம்மவர்கள் சொல்வதுண்டு. அந்தக் குடும்பம் அதற்கு முன்பே ஆறு ஆண்டுகள் இரண்டாக உடைந்து கிடந்ததையும், ஒட்டிய இடம் இன்னும் காயாமல் இருந்ததையும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

ஸ்காபரோவில் மார்க்கம் வீதிக்கு அருகில் ஒரு மாடிக் கட்டடத்தின் பதினோராம் தளத்தில் எங்கள் வீடு. அப்பாவுக்கு இரவு வேலை, விடியற்காலையில் பத்திரிகை விநியோகம். அம்மாவுக்கு இரண்டே மாதத்தில் தொழிற்சாலை ஒன்றில் பொதி கட்டும் பகல் வேலை கிடைத்தது. ஊரில் எங்களைச் சுற்றி அம்மம்மா, பெரியம்மா, சித்தி, பக்கத்து வளவு மாமி என்று குறைந்தது நான்கு பெண்கள் எந்நேரமும் இருந்தார்கள். இங்கே பாடசாலையிலிருந்து வந்து கதவைத் திறந்தால் குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சல் ஒன்றுதான் இருந்தது. அந்த அமைதியைப் பற்றி நான் அதிகம் சொல்லத் தேவையில்லை, உங்களில் பலர் இன்றும் பகல் முழுவதும் அதற்குள்தான் இருக்கிறீர்கள்.

ஏப்ரல் மாதமளவில் ஒரு பையன் என்னுடன் பேசத் தொடங்கினான். அவனும் யாழ்ப்பாணத்துப் பிள்ளை, என்னைவிட ஒரு வயது மூத்தவன், இங்கே ஓராண்டு முன்னதாக வந்தவன். பேருந்தில் சாரதி கிழித்துத் தரும் ட்ரான்ஸ்பர் துண்டை எறிந்துவிடாமல் வைத்திருந்தால் அடுத்த பேருந்துக்கு மறுபடி காசு கொடுக்க வேண்டியதில்லை என்று எனக்குச் சொல்லித் தந்தவன் அவன்தான். பிறகு அந்தத் துண்டுகளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதித் தரத் தொடங்கினான். பெரிய காதல் வசனங்கள் எதுவும் அவற்றில் இல்லை. 'இன்றைக்கு ஏன் சிரிக்கவில்லை', 'ஆங்கிலப் பாடத்தில் நீ வாசித்தது சரி' என்ற அளவில்தான் இருக்கும். நாள் முழுவதும் பிழையான உச்சரிப்போடு, பிழையான உடுப்போடு, பிழையான சாப்பாட்டுப் பெட்டியோடு நடமாடிய ஒரு பெண்ணுக்கு, நீ செய்தது சரி என்று ஒருவன் தமிழில் எழுதித் தருவது எவ்வளவு பெரிய காரியம் என்று இன்றைக்கும் என்னால் உணர முடிகிறது. பதினைந்து வயதில் பிறந்த அந்த அன்பை நான் ஒருநாளும் அறியாமை என்று சொல்லமாட்டேன்.

அக்டோபரில் செய்தி வீட்டுக்கு வந்தது. இரண்டு நாள் பிற்பகல் வகுப்புகளுக்குப் போகாமல் நாங்கள் ஸ்காபரோ டவுன் சென்ரரில் சுற்றியிருந்தோம். பாடசாலையிலிருந்து தொலைபேசி வந்தது. அப்பாவின் ஆங்கிலம் தொழிற்சாலைக்குப் போதும், இதற்குப் போதாது. அதனால் பத்து வயதுத் தம்பி வாங்கிப் பேசினான். ஆசிரியர் சொன்னதையும் கேட்டு, தனக்குத் தெரிந்ததையும் சேர்த்து, அவன் அப்பாவிடம் ஒப்புவித்தான். தன் மகளைப் பற்றி ஒரு தகப்பன் தன் சின்ன மகனின் மொழிபெயர்ப்பில் தெரிந்துகொள்ளும் அந்த நிலை எவ்வளவு கொடியது என்று அப்போது எனக்கு விளங்கவில்லை, இப்போது விளங்குகிறது.

அப்பா முதலில் என்னை எதுவும் கேட்கவில்லை. "ஆற்ற பொடியன்? எந்த ஊர்?" என்று தம்பியைத்தான் கேட்டார். பெயரும் ஊரும் தெரிந்ததும் தொலைபேசியை எடுத்தார். யாழ்ப்பாணத்துக்கு அழைக்க அந்த நாளில் வழியில்லை. ஆகவே அந்த ஊர்க்காரர் ஒருவரை லண்டனில் பிடித்தார், அவர் பாரிஸில் இன்னொருவரைக் கேட்டுச் சொன்னார். விசாரித்தது என்னவென்று இந்த அவையில் விளக்கத் தேவையில்லை. சாதியைச் சாதி என்று சொல்லாமல் 'ஆக்கள் எப்படி' என்று கேட்கும் நம் வழக்கத்தை நாம் எல்லோரும் அறிவோம், அதைக் கடல் கடந்தும் கொண்டுவந்திருக்கிறோம் என்பதைச் சொல்லாமல் இந்தப் பேச்சை நான் நேர்மையாகப் பேச முடியாது. மறுநாள் மாலை நான் வீட்டுக்கு வருவதற்குள், லண்டனுக்கும் பாரிஸுக்கும் போன என் பெயர் அங்கிருந்து ஸ்காபரோவுக்குத் திரும்பி, எங்கள் கட்டடத்தின் லிஃப்ட்டுக்குள் ஏறியிருந்தது.

இப்படி ஊர்வாயில் பெயர் அடிபடுவதற்கு நம் சங்க காலத்து அகப்பாடல்கள் 'அலர்' என்று பெயர் வைத்தன. மகளின் நடமாட்டத்தை நிறுத்தி வீட்டுக்குள் வைப்பதற்கு 'இற்செறிப்பு' என்று பெயர். அவள் அவனோடு புறப்பட்டுப் போய்விடுவதற்கு 'உடன்போக்கு' என்று பெயர். இந்த மூன்றும் இன்று ரொறன்ரோவிலும் நடக்கின்றன. ஆனால் அதே மரபில் நான்காவதாக ஒன்று இருக்கிறது, 'அறத்தொடு நிற்றல்'. காதலை வீட்டாருக்கு முறையாக எடுத்துச் சொல்லும் கடமை அது. தலைவி தோழிக்குச் சொல்கிறாள்; தோழி, அவளை வளர்த்த செவிலித்தாய்க்குச் சொல்கிறாள்; செவிலி, பெற்றவளான நற்றாய்க்குச் சொல்கிறாள்; தந்தையும் தமையன்மாரும் நேர்ப்பேச்சாக இல்லாமல் குறிப்பால் உணர்கிறார்கள். கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டின் 261 அடிகளும் தோழி செவிலியிடம் பேசும் பேச்சுத்தான். மகள் ஏன் வாடுகிறாள், அவன் யார், யானை வந்தபோது எப்படிக் காத்தான் என்பதையெல்லாம், கேட்பவளின் கோபம் தணியும் வகையில், மெல்ல மெல்ல அவள் எடுத்துச் சொல்கிறாள்.

அந்த ஏற்பாட்டை நான் வியந்து வியந்து நினைப்பதுண்டு. செய்தி ஒவ்வொரு படியாக ஏறும்போது அதன் சூடு குறைகிறது. தகப்பனிடம் வந்து சேரும்போது கையால் தொடக்கூடிய பதத்தில் இருக்கிறது. எங்கள் வீட்டில் தோழியும் இல்லை, செவிலியும் இல்லை, நற்றாய் தொழிற்சாலையில். கொதிநிலையில் இருந்த செய்தி, ஒரு சிறுவனின் வாய்வழியாக, இரவு வேலைக்குப் போவதற்கு முன் தூங்கி எழுந்த ஒரு மனிதரின் மடியில் நேராக விழுந்தது.

அப்பா என்னை அடித்தார். அதைப் பூசி மெழுகப் போவதில்லை. புத்தகப்பைக்குள் இருந்த ட்ரான்ஸ்பர் துண்டுகளையெல்லாம் எடுத்துக் கிழித்துக் கழிப்பறைக்குள் போட்டார். "நீர் பிள்ளையை வளர்த்த வடிவு இதுதானோ?" என்று அம்மாவைக் கேட்டார். எதிர்த்துப் பேசியே அறியாத என் அம்மா, "ஆறு வருஷம் ஷெல்லடிக்கும் பொம்பருக்கும் நடுவிலை தனிய வளர்த்தனான். நீங்கள் எங்கை இருந்தனீங்கள்?" என்று திருப்பிக் கேட்டார். எங்கள் வீடு உடைந்தது அந்தக் கேள்வியில்தான். மறுநாள் என் கன்னத்தைப் பார்த்த ஆசிரியை என்னைத் தனியே அழைத்துக் கேட்டார். எனக்குப் பதினாறு நிறைய ஒரு மாதம் இருந்தது. பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குத் தீங்கு நேர்கிறது என்ற ஐயம் ஏற்பட்டாலே அறிவிக்கவேண்டியது ஒன்ராறியோவில் ஆசிரியரின் சட்டக் கடமை. அவர் அதைச் செய்தார், செய்தது சரி. சிறுவர் பாதுகாப்புப் பணியாளர் ஒருவர் எங்கள் வீட்டு வரவேற்பறையில் அமர்ந்து குறிப்பெழுதினார். அன்றிரவு அப்பா ஒரு பையோடு புறப்பட்டுப் போய், நண்பர் ஒருவரின் பேஸ்மென்டில் தங்கினார். ஐந்து மாதங்கள் அவர் திரும்பவில்லை.

நான் செய்தித்தாள் குறிப்பைப்போல இதைச் சொல்லிவிட்டேன். ஆனால் அந்த ஐந்து மாதமும், ஒவ்வொரு முறை லிஃப்ட் பதினோராம் தளத்தில் நிற்கும் சத்தம் கேட்கும்போதும் அம்மா கையிலிருந்ததை வைத்துவிட்டுக் கதவைப் பார்ப்பார். அதைப் பார்க்காமல் இருப்பதற்காகவே நான் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிடுவேன். என்னால்தானே என்ற எண்ணம் என்னைத் தின்றது. அந்தப் பையனோடு பேசுவதை நானாகவே நிறுத்தினேன். அவனுக்கு நான் காரணம் சொல்லவில்லை. அது நான் செய்த பிழை. அடுத்த கோடையில் அவனுடைய குடும்பம் மொன்றியலுக்குப் போய்விட்டது.

ஏழாம் தளத்தில் ஓர் ஆச்சி இருந்தார். மகனின் பிள்ளைகளைப் பார்ப்பதற்காக வந்தவர். எங்களுக்கு உறவில்லை, ஊருமில்லை. மார்ச் மாதத்தில் ஒருநாள் என்னை அழைத்துத் தேத்தண்ணீர் தந்து, முழுக் கதையையும் கேட்டார். இடையில் ஒரு சொல்கூட எதிர்த்தோ ஆமோதித்தோ சொல்லவில்லை. கேட்டு முடிந்ததும், தனியாகப் பேருந்தில் போகத் தெரியாத அந்தப் பெண், தன் பேரனை அழைத்துக்கொண்டு அப்பா இருந்த பேஸ்மென்டுக்குப் போனார். அங்கே அவர் சொன்னதை அப்பாவே எனக்குப் பல ஆண்டுகள் கழித்துச் சொன்னார். "தம்பி, இஞ்சை இரும். நான் சொல்லுறதை முழுக்கக் கேட்டுப்போட்டுப் பிறகு கோவியும். உம்மடை பிள்ளை ஒன்பது வயசிலை நிக்கேல்லை. நீர்தான் அந்த வயசிலையே நிக்கிறீர்." அந்தச் சொல்லில் ஜாக்கெட்டின் சிப் தன் கைக்குள் இறுகி நின்றது நினைவு வந்ததாகவும், தான் அழுததாகவும் அப்பா சொன்னார். மறுவாரம் அவர் வீட்டுக்கு வந்தார். என்னோடு நேராகப் பேச அவருக்கு இன்னும் ஓர் ஆண்டு எடுத்தது.

பாடசாலைகளில் புதிதாக வந்த குடும்பங்களோடு நான் வேலை செய்யத் தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. சட்டங்கள் மாறியிருக்கின்றன. 2018 முதல் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளும் பாதுகாப்புக் கேட்டு வரலாம். பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளையை ஊருக்குக் கொண்டுபோய்க் கட்டிவைத்துவிடுவேன் என்று மிரட்டும் பெற்றோருக்கு, அப்படிக் கொண்டுபோவது 2015 முதல் கனடாவில் தண்டனைக்குரிய குற்றம் என்பதை நான் சொல்லிக்கொண்டேயிருக்கிறேன். ட்ரான்ஸ்பர் துண்டுக்குப் பதிலாகக் கைத்தொலைபேசி வந்துவிட்டது, தகப்பன்மார் அதைத்தான் இப்போது பறித்து உடைக்கிறார்கள். மாறாமல் இருப்பது அந்த நடு இடத்தின் வெறுமை. என் அறையில் வந்து அழும் பிள்ளைகள் பெரும்பாலும் அவனை விட்டுவிடச் சொல்கிறார்களே என்று அழுவதில்லை. "வீட்டிலை ஆரிட்டை மிஸ் சொல்லுறது?" என்றுதான் கேட்கிறார்கள். நான் உடனே, உங்கள் வீட்டில் அம்மம்மா இருக்கிறாரா, அப்பப்பா இருக்கிறாரா என்று கேட்பேன். இருக்கிறார் என்பார்கள். அவரிடம் சொல்லலாமே என்றால், அவருக்கு நெஞ்சு வெடித்துவிடும் என்பார்கள்.

உங்களிடம் நான் கேட்க வந்தது இதைத்தான். உங்கள் நெஞ்சு வெடிக்காது என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியப்படுத்துங்கள். ஷெல்லடியையும், இடப்பெயர்வையும், முகாம்களையும் தாங்கிய நெஞ்சு, பேத்தி ஒரு பையனோடு பேசுகிறாள் என்ற செய்தியைத் தாங்கும். எல்லாவற்றுக்கும் சம்மதம் சொல்லும்படி நான் கேட்கவில்லை. அந்தப் பையன் பொல்லாதவனாக இருக்கலாம், வயதில் மிக மூத்தவனாக இருக்கலாம், அதைக் கண்டுபிடிக்கவும் முதலில் பிள்ளை வாய் திறக்கவேண்டும். கேட்ட கையோடு தொலைபேசியை எடுத்து லண்டனுக்கு அடிக்காமல், ஓர் இரவாவது அந்தச் செய்தியை உங்களிடமே வைத்திருந்து, ஆறவைத்து, பிறகு மகளிடமோ மருமகனிடமோ கொண்டுபோங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சனிக்கிழமை, நான் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன். அம்மா முருங்கைக்காய் வெட்டிக்கொண்டிருந்தார். என் மகளுக்கு அப்போது பதினைந்து வயது. அம்மா தலை நிமிராமல், "உவள் என்னட்டை ஒண்டு சொன்னவள். நீ கத்தமாட்டாய் எண்டால் சொல்லுறன்" என்றார்.

நான் அடுப்பை அணைத்துவிட்டு, கதிரையை இழுத்துப்போட்டு அவருக்கு முன்னால் உட்கார்ந்தேன்.