கப்பல் கம்பெனி கூடுதலாகத் தருகிறேன் என்றால் வாங்கிக்கொள்ளலாமா?

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று என்னை விடவே இல்லை. சிங்கப்பூர் ஈசூனில் இருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். படிக்கிறேன். "அண்ணா, அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்காகக் குடும்பமாக 11 பேர் உல்லாசக் கப்பலில் போவதற்கு ஒரு வருடம் முன்பே முழுப் பணமும் கட்டிவிட்டோம். இப்போது பயணத்தைத் தள்ளிவைத்துவிட்டார்கள். பணமாகத் திருப்பித் தரவா, இல்லை 25 சதவீதம் சேர்த்து அடுத்த பயணத்துக்கு வரவு வைக்கவா என்று கேட்கிறார்கள். எதை எடுப்பது?"

பணத்தை வாங்கிவிடுங்கள் சகோதரி. பதில் அவ்வளவுதான். ஆனால் காரணத்தைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

சீட்டு கட்டுவது பற்றி நான் பேசிய வீடியோவைப் பார்த்தவர்களுக்கு அடுத்து என்ன சொல்லப்போகிறேன் என்று தெரிந்திருக்கும். நீங்கள் டிக்கெட் வாங்கியதாக நினைக்கிறீர்கள். உண்மையில் கடன் கொடுத்திருக்கிறீர்கள். வட்டி இல்லாத, அடமானம் இல்லாத கடன். அந்தப் பணம் உங்கள் பெயரில் ஒரு பெட்டியில் பத்திரமாக இருப்பதில்லை. இன்றைக்கு ஓடும் கப்பலுக்கு எண்ணெய் வாங்கவும், சம்பளம் போடவும், பழைய வட்டியைக் கட்டவும் போய்விடும். கம்பெனியின் கணக்கைத் திறந்து பாருங்கள். உங்கள் பணம் வருமானத்தில் இருக்காது. வாடிக்கையாளர் முன்பணம் என்று கடன் பக்கத்தில்தான் இருக்கும். அவர்களே கடன் என்றுதான் எழுதிவைத்திருக்கிறார்கள்.

அப்புறம் அந்த 25 சதவீதம். கொரோனா பரவிய 2020ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். மார்ச் மாதம் சிங்கப்பூர் எல்லா உல்லாசக் கப்பல்களுக்கும் துறைமுகத்தை மூடியது. உலகம் முழுக்க அதே நிலைதான். கார்னிவல், ராயல் கரீபியன், நார்வீஜியன் மூன்றும் அமெரிக்காவில் இருந்து நடத்தப்படும் உல்லாசக் கப்பல் கம்பெனிகள். ஆனால் பதிவு பனாமா, லைபீரியா, பெர்முடாவில். அதனால் அமெரிக்க அரசு பெரிய கம்பெனிகளுக்கு ஒதுக்கிய நிவாரணக் கடன் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. கார்னிவல் ஏப்ரலில் சந்தைக்குப் போய் 400 கோடி டாலர் கடன் வாங்கியது. வட்டி 11.5 சதவீதம், கப்பல்களை அடமானமாக வைத்து. அந்த ஆண்டு அதன் நஷ்டம் மட்டும் 1,000 கோடி டாலருக்கு மேல்.

இப்போது அவர்கள் இடத்தில் இருந்து யோசியுங்கள். உங்களுக்கு 1,000 வெள்ளி திருப்பித் தர வேண்டுமானால், அதையும் அந்த வட்டிக்கு வாங்கித்தான் தர வேண்டும். அதற்குப் பதிலாக "1,250 வெள்ளி வரவு வைக்கிறேன், அடுத்த வருடம் வாருங்கள்" என்றால்? அந்தக் கூடுதல் 250 வெள்ளி பணமே இல்லை. கப்பலில் ஓர் அறை. அந்த அறைக்கு அடுத்த வருடம் என்ன விலை என்று முடிவு செய்யப்போவதும் அவர்கள்தான். அன்றைக்கு ராயல் கரீபியன் உட்படப் பல கம்பெனிகள் 125 சதவீத வரவு கொடுக்க முன்வந்தன. அதைத் தவறு என்று நான் சொல்லவில்லை. பிழைக்க வேண்டிய நேரம் அது. ஆனால் உங்கள் கடனை இன்னும் ஒரு வருடம் நீட்டித்துக் கேட்கிறார்கள் என்பதைப் புரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள்.

எங்கள் வீட்டிலும் இது நடந்தது. கம்பெனியின் பெயர் வேண்டாம். 2020 ஜூனில் அம்மா, அக்கா, நான், மனைவி என்று நான்கு பேர் போவதாக இருந்தது. கூடுதலாகக் கிடைக்கிறதே என்று வரவை எடுத்துக்கொண்டோம். ஒவ்வொருவர் பெயரிலும் தனித்தனி வரவு, மாற்றிக் கொடுக்க முடியாது. கடைசித் தேதியும் இருந்தது. கப்பல் மறுபடி ஓட ஆரம்பித்தபோது அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. படியே ஏற முடியாதவரைக் கப்பலில் ஏற்றுவதா? அம்மாவின் வரவை அக்கா மகனுக்கு மாற்றித் தாருங்கள் என்று எத்தனையோ முறை கேட்டேன். முடியாது என்றார்கள். அம்மாவின் பங்கு போயே போய்விட்டது. அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது. அறுபதாம் கல்யாணம் என்று படித்ததும் அதுதான் நினைவுக்கு வந்தது.

சரி, கம்பெனி நொடித்துப் போனால் என்ன ஆகும்? நம் ஊரிலேயே பார்த்தோம். வேர்ல்டு டிரீம் கப்பலை மறந்திருக்க மாட்டீர்கள். 2020 நவம்பரில் எந்த ஊருக்கும் போகாமல் கடலைச் சுற்றிவிட்டு வரும் பயணங்களைத் தொடங்கியதே, அது. அதன் தாய்க் கம்பெனி கெந்திங் ஹாங்காங். ஜெர்மனியில் அந்தக் கம்பெனிக்குச் சொந்தமான கப்பல் கட்டும் தளம் 2022 ஜனவரியில் திவாலானது. அதே மாதத்தில் தாய்க் கம்பெனியே கடனைக் கட்ட முடியவில்லை என்று பெர்முடா நீதிமன்றத்துக்குப் போனது. அப்போதும் மரினா பேயில் மக்கள் ஏறிக்கொண்டுதான் இருந்தார்கள். மார்ச் 2ஆம் தேதியோடு பயணங்கள் நின்றன. மேல்தளத்தில் விளக்கு எரிகிறது, பாட்டு கேட்கிறது என்பதை வைத்துக் கம்பெனியின் உடல்நிலையை யாரும் சொல்ல முடியாது.

அதே குழுமத்தின் கிரிஸ்டல் சிம்பனி கப்பலுக்கு நடந்ததையும் சொல்லவேண்டும். எண்ணெய் கொடுத்தவருக்குப் பணம் பாக்கி. கப்பலைப் பிடித்துவைக்க அமெரிக்க நீதிமன்றம் ஆணை போட்டது. மயாமிக்குப் போக வேண்டிய கப்பல், பயணிகளோடு பஹாமாஸில் உள்ள பிமினி தீவுக்குத் திரும்பியது. பயணிகளை வேறு படகில் ஃபுளோரிடாவுக்கு அனுப்பினார்கள். எண்ணெய்க்காரர் கப்பலையே நிறுத்திவைக்க முடியும். டிக்கெட் பணத்துக்காக நீங்களும் நானும் அப்படி நிறுத்திவைக்க முடியுமா?

கப்பலை நீதிமன்றம் ஏலம் விட்டால் அது ஒரு பந்தி மாதிரி. முதலில் நீதிமன்றச் செலவு. அடுத்து மாலுமிகளின் சம்பளம். அது நியாயம், வெயிலில் உழைத்தவர்கள். பிறகு கப்பலை அடமானம் பிடித்த வங்கி, அதன் பிறகு எண்ணெய்க்காரர் போன்றவர்கள். அடமானம் இல்லாமல் கடன் கொடுத்த நாம் கடைசிப் பந்தி. அங்கே இலை போடுவார்களா என்பதே சந்தேகம்.

அந்த ஜெர்மன் தளத்தில் பாதியில் நின்ற பெரிய கப்பலை டிஸ்னி வாங்கி முடித்தது. சிங்கப்பூரில் இருந்து ஓடுவதற்கென்றே வாங்கிய டிஸ்னி அட்வென்ச்சர் அதுதான். கட்டியவர் கையை விட்டுப் போனாலும் கப்பல் பிழைத்துக்கொள்கிறது. முன்பணம் கட்டியவர் பிழைக்கிறாரா என்பதுதான் என் கவலை.

ஒன்றைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். நடுவழியில் ஒரு துறைமுகத்தைத் தவறவிடுவது, சீக்கிரம் திரும்புவது எல்லாம் வேறு கதை. 2020 டிசம்பரில் குவான்டம் ஆஃப் த சீஸ் என்ற கப்பல் ஒரு முதியவருக்குக் கொரோனா தொற்று என்று திரும்பி வந்தது. பிறகு தொற்றே இல்லை என்று தெரிந்தது. வழியை மாற்றும் உரிமையை ஒப்பந்தத்தில் பொதுவாகக் கம்பெனியே வைத்துக்கொள்ளும். அதில் பெரிதாக நஷ்டஈடு எதிர்பார்க்காதீர்கள்.

சகோதரி, நீங்கள் இன்னொரு கேள்வி கேட்டிருந்தால் எனக்கு இன்னும் சந்தோஷமாக இருந்திருக்கும். பணத்தை எப்போது, எப்படிக் கட்டுவது என்ற கேள்வி. அடுத்த முறை முன்பணம் மட்டும் கட்டுங்கள், மீதியைக் கடைசித் தவணைத் தேதி வரை கையில் வைத்திருங்கள். சலுகை என்று சொல்லி முழுவதையும் முன்கூட்டியே கேட்டால் அதுவும் கடன்தான். கடன் அட்டையில் கட்டினால், சேவை கிடைக்காதபோது வங்கியிடம் சார்ஜ்பேக், அதாவது கட்டிய பணத்தைத் திரும்ப எடுத்துத் தரும்படி, கேட்கலாம். அதற்குக் காலக்கெடு உண்டு, தள்ளிப்போடக் கூடாது. வங்கிக் கணக்கிலிருந்து உடனே பணம் அனுப்பும் பேநவ்வில் அனுப்பிய பணத்துக்கு அந்த வழி கிடையாது. பயணக் காப்புறுதியில் "நொடித்துப்போதல்" என்ற பகுதியை நிதானமாகப் படியுங்கள். சில பாலிசிகள் பயண முகவர் நொடித்தால் மட்டுமே தரும், கப்பல் கம்பெனி நொடித்தால் தராது. செய்தி வெளியான பிறகு வாங்கும் பாலிசியும் உதவாது. கம்பெனி ஓடிக்கொண்டிருந்தும் பணம் தராமல் இழுத்தடித்தால் பயனீட்டாளர் சங்கமான கேஸ் இருக்கிறது. சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரை கேட்கலாம், இரண்டு ஆண்டுகளுக்குள்.

உங்களுக்கு வந்த கடிதத்தில், குறிப்பிட்ட தேதிக்குள் பதில் சொல்லாவிட்டால் வரவாகவே வைத்துக்கொள்வோம் என்று எங்காவது இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இருந்தால் இன்றிரவே "பணமாக வேண்டும், கட்டிய அதே அட்டைக்கு" என்று மின்னஞ்சல் அனுப்பி, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். அப்பாவின் நட்சத்திரத்துக்குக் கோயிலில் நாள் கேட்டுவிடுங்கள். பணம் எந்தத் தேதியில் வந்தது என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.